மனம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

தெற்குக் கொல்கத்தா ஏரிப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் மாலைக் கூட்டத்தில் மனநல ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்தவர்கள், "மனச்சோர்வு வந்தவர்கள் வீட்டில் என்னென்ன செய்துகொள்ளலாம் என்று மட்டும் சொல்லுங்கள், சிகிச்சை டாக்டர் பாடு" என்றார்கள். அந்த இரண்டையும் பிரித்துப் பேச எனக்குத் தெரியவில்லை. ஒருவர் வாரத்தில் ஒரு மணி நேரம் என் எதிரே வந்து உட்காருகிறார். வாரத்துக்கு 168 மணி நேரம். மீதி 167 மணி நேரமும் அவர் தன் வீட்டில், தன் படுக்கையில், தன் சமையலறையில், அலுவலகத்தில்தான் இருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் பேசுவதே மீதி நேரத்தைப் பற்றித்தான். ஆகவே வீட்டுப் பழக்கங்கள் சிகிச்சைக்குப் பதிலாக வருபவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மருந்தும் பேச்சும் நாள் முழுக்க வேலை செய்வதற்கு அவைதான் இடம் அமைத்துத் தருகின்றன.

ஒரு சாயங்காலம் முகம் வாடிக் கிடப்பது எல்லோருக்கும் உண்டு. அதைப் பற்றி நான் பேசவில்லை. ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி, குறைந்தது இரண்டு வாரம் மனம் கவிந்தே கிடக்கிறது. பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போகிறது. தூக்கம், பசி, தெம்பு, கவனம் எல்லாம் கெடுகின்றன. நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் வந்து ஒட்டிக்கொள்கிறது. இதைத்தான் மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்கிறார்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் வேறு பெயரில் நுழையும். மாமிக்கு ஓயாத முதுகுவலி, மாமாவுக்கு வாயு, பெண்ணுக்குத் தலைவலி, பையனுக்கு அசதி. இந்த ஊரில் வயிற்று மாத்திரை வாங்காத வீடு கிடையாது. எத்தனையோ வயிறுகள் மனதின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கின்றன.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. மேற்கு வங்கமும் தமிழ்நாடும் அதில் இருந்தன. நாட்டில் 20 பெரியவர்களில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வுக்கு ஆளாகியிருக்கிறார் என்று அது சொன்னது. அவர்களில் 100க்கு 85 பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. இந்தக் கூடத்தில் எத்தனை நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் போகத் தயங்குவதற்கு இந்த ஊரில் இருப்பவர்களுக்கு நியாயமே இல்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மனதைப் பேச்சால் குணப்படுத்தும் மருத்துவம் இந்தியாவில் வேரூன்றியது இங்கேதான். கிரீந்திரசேகர் போஸ் என்ற டாக்டர், 1922இல் வடக்குக் கொல்கத்தாவில் 14, பார்சிபாகான் லேன் என்ற தன் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். வியன்னாவில் இருந்த ஃபிராய்டோடு அவர் பல ஆண்டுகள் கடிதம் எழுதி விவாதித்தார், பல இடங்களில் மறுத்தும் எழுதினார். ஃபிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு இந்தச் சங்கத்தார் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலையை அனுப்பிவைத்தார்கள். என்னை அதிகம் கவர்வது போஸ் செய்த இன்னொரு காரியம். 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், இன்று ஆர்.ஜி.கர் என்று நாம் சொல்லும் அதே இடத்தில், மனநல வெளிநோயாளர் பிரிவைத் திறந்தார். காய்ச்சலுக்கும் கட்டிக்கும் வரிசையில் நிற்பவர்கள் பக்கத்திலேயே மனக்கஷ்டத்துக்கும் ஒரு வரிசை. நாட்டிலேயே ஒரு பொது மருத்துவமனையில் அதுதான் முதல். 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நாம் அந்த வரிசையில் நிற்க முகத்தை மறைத்துக்கொள்கிறோம்.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

மனச்சோர்வில் இருக்கும் ஒருவரிடம் "கொஞ்சம் வெளியே போயிட்டு வாயேன்" என்றால் அவர் சொல்லும் பதில் உங்களுக்கே தெரியும். "மனசு வரலை." இது சோம்பல் இல்லை. நோய் செய்யும் வேலை. எந்தக் காரியத்தை நினைத்தாலும் அதில் சுகமே இருக்காது என்று மனம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அதனால் அவர் போவதில்லை, பேசுவதில்லை, சமைப்பதில்லை. ஒவ்வொன்றாக விட விட, மனதுக்குத் தெம்பு தந்துகொண்டிருந்த சின்னச் சின்ன விஷயங்கள் எல்லாம் நின்றுபோகின்றன. பூக்காரரோடு இரண்டு வார்த்தை, சாம்பார் கொதிக்கும் வாசனை, பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து காலைக் கட்டிக்கொள்வது, இவை எதுவும் இல்லாத வீட்டில் மனம் இன்னும் சுருங்குகிறது. சுருங்கியதால் இன்னும் கொஞ்சம் விடுகிறார். 1970களில் பீட்டர் லெவின்ஸன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சுழலைத்தான் விளக்கினார். அதிலிருந்து வெளியே வரும் வழியையும் அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் வகுத்தார்கள். மனம் வந்த பிறகு செய்வது என்று காத்திருக்காமல், செய்யத் தொடங்கி மனத்தை வரவழைப்பது. செயலூக்கச் சிகிச்சை என்று தமிழில் சொல்லலாம்.

அமெரிக்காவில் சரி, நம் ஊரில் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. கோவாவில் விக்ரம் பட்டேலும் அவர் சார்ந்த சங்கத் அமைப்பும் இதை எளிமைப்படுத்தி, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதித்தார்கள். கடுமையான மனச்சோர்வு இருந்த ஏறக்குறைய 500 பேர். அவர்களில் ஒரு பாதியோடு உட்கார்ந்து பேசியவர்கள் டாக்டர்களும் இல்லை, உளவியல் பட்டம் பெற்றவர்களும் இல்லை. உள்ளூர்க்காரர்கள், பயிற்சி கொடுத்து, தொடர்ந்து மேற்பார்வை பார்த்து அனுப்பப்பட்டவர்கள். ஆறிலிருந்து எட்டு அமர்வுகள், சில சமயம் சுகாதார நிலையத்தில், சில சமயம் நோயாளியின் வீட்டிலேயே. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்த உதவி கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் நோயின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் அது 39 சதவீதம். லான்செட் இதழில் இந்த முடிவுகள் வந்தன. ஓராண்டுக்குப் பிறகும் பலன் நிலைத்திருந்தது. அன்றாடக் காரியங்களை மறுபடி செய்யத் தொடங்கியதற்கு அந்தப் பலனில் பெரிய பங்கு உண்டு என்பதையும் அவர்கள் ஆய்ந்து காட்டினார்கள்.

என்னிடம் வந்த ஒரு மாமியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ராஷ்பிகாரி அவென்யூவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி. கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், காலமாகிவிட்டார். ஒரு பிள்ளை பெங்களூருவில், ஒரு பெண் கனடாவில். கணவர் இறந்த வருஷம் தாங்கிக்கொண்டார். அதற்கு அடுத்த வருஷம், காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன் பண்ணுவதும் குறைந்த பிறகு, மனச்சோர்வில் விழுந்தார். கோலம் நின்றது. பூஜை அறை விளக்கு நின்றது. இரண்டு தோசை வார்த்து மூன்று வேளை சாப்பிட்டார். டிவி ஓடிக்கொண்டே இருக்கும், பார்க்க மாட்டார். மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்து, தைராய்டு, பி12, ரத்தசோகை எல்லாம் பரிசோதித்துவிட்டு என்னிடம் அனுப்பினார். அந்தப் பரிசோதனைகள் முக்கியம். அவற்றில் குறை இருந்தாலும் மனச்சோர்வு போலவே உடம்பு படுத்தும்.

அவருக்கு நான் கொடுத்த முதல் வேலை நடைப்பயிற்சி இல்லை, தியானம் இல்லை. காலை ஆறரை மணிக்குப் பால்கனிக் கதவைத் திறந்து, காபி டம்ளரோடு அங்கே பத்து நிமிஷம் உட்கார வேண்டும். அவ்வளவுதான். உட்காருவதற்கு முன்னால், இதில் எவ்வளவு நிம்மதி கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுதுங்கள். முடிந்த பிறகு எவ்வளவு கிடைத்தது என்று இன்னோர் எண் எழுதுங்கள் என்றேன். நான் அச்சடித்துக் கொடுத்த தாளை அவர் எங்கேயோ வைத்துவிட்டார். அடுத்த வாரம் கைப்பையிலிருந்து ஒரு கட்டு சின்னக் காகிதங்களை எடுத்து மேஜையில் வைத்தார். கும்பகோணத்திலிருந்து தம்பி வருஷாவருஷம் அனுப்பும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். முன்பக்கம் ராகு காலமும் நல்ல நேரமும். பின்பக்கம் அவருடைய குண்டு குண்டான கையெழுத்து. "பால்கனி. நினைத்தது 0. ஆனது 2." அடுத்த நாள், "பால்கனி. நினைத்தது 0. ஆனது 1. எதிர் வீட்டில் மீன் பொரிக்கிறார்கள்." நான்காவது தாளில், "கீரை ஆய்ந்தேன். நினைத்தது 1. ஆனது 3."

இரண்டு, மூன்று என்பதெல்லாம் பெரிய எண்ணா என்று கேட்டார். எண் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நினைத்ததற்கும் ஆனதற்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள் என்றேன். உங்கள் மனம் தினமும் பூஜ்யம் என்று ஜோசியம் சொல்கிறது, தினமும் அது தப்பாகிறது, உங்கள் கையெழுத்திலேயே சாட்சி இருக்கிறது. அவர் தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தார். மனச்சோர்வில் இருப்பவரிடம் "எல்லாம் சரியாகிவிடும்" என்று நாம் ஆயிரம் தடவை சொன்னாலும் அந்த வாக்கு உள்ளே இறங்காது. அவரே எழுதிய எண் இறங்குகிறது.

பிறகு படிப்படியாகப் போனோம். செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டாவது மாடி வரை. பிறகு வாசல் வரை. பிறகு தெருமுனை வரை. அப்புறம் லேக் மார்க்கெட் பூக்கடை. அந்தப் பூக்காரர் "இத்தனை நாள் எங்கே போனீர்கள் மாஷிமா" என்று வங்காளியில் கேட்டதை அவர் என்னிடம் சொன்ன விதத்திலேயே தெரிந்தது, பாதி வைத்தியம் அந்தக் கடையில் நடந்திருக்கிறது. அதன்பின் ஆடி மாதம் வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு வாரம் கீழே இறங்க முடியவில்லை, மறுபடி படுத்துவிட்டார். காலண்டர் தாள்களும் வரவில்லை. இப்படி நடக்கும். நடந்தால் திட்டம் தோற்றது என்று அர்த்தமில்லை, கொல்கத்தாவில் மழைக்காலத்துக்குத் தனித் திட்டம் வேண்டும் என்று அர்த்தம். மாடிப்படியில் ஏறி இறங்குவது, இரண்டாம் மாடி வங்காளிப் பெண்மணியோடு மாலைத் தேநீர் என்று மழைநாள் காரியங்களைத் தனியாக எழுதிவைத்தோம்.

நான் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவுதான்: காரியம் சின்னதாக, நேரம் குறித்ததாக, இடம் தெரிந்ததாக இருக்க வேண்டும். "இனிமேல் நன்றாக நடக்கப்போகிறேன்" என்பது தீர்மானம். "நாளைக் காலை ஆறரைக்குப் பால்கனி" என்பது காரியம். தீர்மானம் உடைந்தால் குற்றவுணர்ச்சி வருகிறது. காரியம் தவறினால் மறுநாள் ஆறரை மணி இருக்கிறது. சுகம் தருகிற காரியங்கள் மட்டும் போதாது, செய்து முடித்தேன் என்ற நிறைவு தருகிற காரியங்களும் வேண்டும். கேஸ் பில் கட்டுவது, ஒரு அலமாரித் தட்டை ஒழிப்பது, கிழிந்த தலையணை உறையைத் தைப்பது. மனிதர்களோடு சேர்ந்து செய்வது கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

நடப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வாசலிலேயே ஏரி இருக்கிறது. 1920களில் தோண்டி, 1958இல் ரவீந்திர சரோபர் என்று பெயர் வைத்த இந்த ஏரிக்கரையில் விடிவதற்கு முன்பே ஜனம் நடக்கிறது. ஜப்பானிய புத்தர் கோயில் பக்கம், படகுக் கிளப்புகள் பக்கம் எல்லாம் பெஞ்சுகள் உண்டு. உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறது என்பதற்கு இன்று ஏராளமான சான்றுகள். 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு 218 ஆய்வுகளை, 14,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தது. நடை அல்லது மெல்லோட்டம், யோகா, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இவை நன்றாகப் பலன் தந்தன. ஆனால் நான் அடிக்கடி நினைவுபடுத்தும் ஆய்வு அதற்கு முந்தியது. 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர், 50 வயதைத் தாண்டிய 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி, ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று பிரிவுகளும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. இதைக் கேட்டதும், "அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிட்டு நடக்கலாமே" என்று சிலர் எழுந்துவிடுவார்கள். முழுதும் கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டவர்கள் சீக்கிரம் தேறினார்கள். நடை நிதானமாகத்தான் வேலை செய்தது. எழுந்திருக்கவே முடியாதவரை மாத்திரை எழுப்பி உட்காரவைக்கும். உட்கார்ந்தவர் நடக்கத் தொடங்குவார். மாத்திரையும் முதல் நாளே வேலை செய்யாது, இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் நாள் பிடிக்கும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்துவதுதான் நான் பார்க்கும் சறுக்கல்களில் அதிகம்.

வேகமாக நடக்க வேண்டும், வியர்க்க வேண்டும் என்றெல்லாம் ஆரம்பத்தில் நினைக்காதீர்கள். கோடையில் இங்கே ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், அப்போதே போய்விடுங்கள். குளிர்காலத்தில் புகைமூட்டம் தரையோடு படிந்திருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் வெயில் ஏறிய பிறகு போவது நல்லது. கூட யாராவது வந்தால் பாதி வேலை முடிந்தது. துர்கா பூஜை நாட்களில் கூட்டத்தைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது என்பவர்கள், சப்தமி காலை ஏழு மணிக்குப் பந்தலுக்குப் போய் வாருங்கள். அந்த நேரத்தில் நிம்மதியாக நின்று அம்பாளைப் பார்க்கலாம்.

வெளிச்சம் என்றதும் கூடத்தின் பின்னால் நிற்கும் தம்பிகளிடம் பேச வேண்டியிருக்கிறது. சால்ட் லேக் செக்டார் ஐந்தில் வேலை பார்க்கும் ஒரு திருநெல்வேலிப் பிள்ளை என்னிடம் வந்தான். அமெரிக்கக் கம்பெனிக்கான வேலை, இரவு ஷிஃப்ட். விடிகாலை அறைக்கு வந்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, போனைப் பார்த்தபடியே எட்டு மணிக்கோ ஒன்பதுக்கோ தூங்கி, மாலை நாலு மணிக்கு எழுவான். நம் நாட்டுக் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. கொல்கத்தா அதற்கு நன்றாகக் கிழக்கே இருக்கிறது. அதனால் டிசம்பரில் இங்கே ஐந்து அடிப்பதற்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அந்தப் பிள்ளை வாரக்கணக்காக வெயிலை ஒழுங்காகப் பார்க்கவில்லை. "சோறு எறங்கலை, ஊருக்குப் போன் பண்ணவே பிடிக்கலை, அம்மா குரலைக் கேட்டா அழுகையா வருது மேடம்" என்றான். தூக்கம் வருவதற்காகத் தெரிந்த கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தான். வாரக் கடைசியில் குடி வேறு.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அதைத் தினமும் திருத்திவைப்பது கண்ணில் படும் வெளிச்சமும், எழுந்திருக்கும் நேரமும்தான். தூங்கும் நேரத்தை நம்மால் கட்டாயப்படுத்த முடியாது, எழுந்திருக்கும் நேரத்தை முடியும். எந்த நாளானாலும், விடுமுறையானாலும், மதியம் ஒரு மணிக்கு எழுவது என்று முடிவு செய்தோம். எழுந்ததும் பல் தேய்த்துவிட்டு நேராக வெளியே, தெருமுனை டீக்கடை. மண் குவளையில் டீ, வெயிலில் நின்று குடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அம்மாவுக்குப் போன். கட்டில் தூங்குவதற்கு மட்டும்; போன் சார்ஜர் அடுத்த அறையில். கடையில் வாங்கிய தூக்க மாத்திரையை டாக்டரிடம் சொல்லி, அவர் சொன்ன முறையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். திடீரென்று நிறுத்தக் கூடாது, அது ஆபத்து. குடியை விட்டான். அது தூக்கத்தைத் தருவது போலத் தந்து நடு இரவில் பிடுங்கிக்கொள்ளும், மனச்சோர்வை ஆழப்படுத்தும். மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்துப் பகல் ஷிஃப்டும் பிறகு கிடைத்தது. மனச்சோர்வுக்காகக் கடிதம் கேட்கத் தயங்காதீர்கள், தம்பிகளே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்தச் சொல்கிறது, காப்பீட்டிலும் கூட.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள், காய்கறி, பருப்பு, பழம், தயிர் இருக்கட்டும். எதையாவது ஒன்றைச் சாப்பிட்டால் மனச்சோர்வு பறந்துவிடும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் எதையும் நம்ப வேண்டாம்.

யோசனையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவர் விடிகாலை மூன்று மணிக்கு விழித்து, பழைய விஷயம் ஒன்றையே அரைத்த மாவை அரைப்பதுபோல் அரைத்துக்கொண்டிருப்பார். ஏன் எனக்கு இப்படி, அன்றைக்கு நான் ஏன் அப்படிப் பேசினேன். அவருக்கு அது பிரச்சினையைத் தீர்க்கும் யோசனையாகத் தெரியும். சூசன் நோலென்-ஹோக்ஸெமா என்ற அறிஞர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இதை ஆராய்வதில் செலவிட்டார். இப்படி அசைபோடுகிறவர்களுக்கு மனச்சோர்வு கடுமையாவதையும் நீடிப்பதையும் காட்டினார். என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இது: அரை மணி நேரம் யோசித்து, நாளைக்குச் செய்ய ஒரு காரியமாவது கிடைத்ததா? கிடைத்தால் எழுதிவைத்துவிட்டுப் படுங்கள். கிடைக்கவில்லை என்றால் எழுந்து விளக்கைப் போடுங்கள், கையால் செய்யும் வேலை எதையாவது எடுங்கள். துணி மடிக்கலாம், நாமம் எழுதலாம், பூ கட்டலாம். தியானம் சிலருக்கு நன்றாக உதவும், குறிப்பாகத் திரும்பத் திரும்ப நோய் வந்தவர்களுக்கு. நோய் முற்றியிருக்கும்போது கண்ணை மூடி உட்கார்ந்தால் அந்த அரைப்புதான் பெரிதாகக் கேட்கும், ஆகவே எப்போது தொடங்கலாம் என்று உங்கள் ஆலோசகரைக் கேளுங்கள்.

இங்கே நமக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறார்கள். மார்க்கெட்டில் பேரம் பேச வங்காளி வரும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் பேச இங்கிலீஷ் வரும். துக்கத்தைச் சொல்லத் தமிழ்தான் வரும். ஆலோசகருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பாதி நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. மகளை மொழிபெயர்க்க உட்காரவைத்தால் மகள் முன்னால் சொல்ல முடியாதது அப்படியே தங்கிவிடுகிறது. மருத்துவரை இங்கேயே நேரில் பார்த்து மாத்திரை எடுத்துக்கொண்டு, பேச்சுச் சிகிச்சையைத் தமிழ் தெரிந்த ஒருவரோடு வீடியோ அழைப்பில் வைத்துக்கொள்ளலாம். பலர் அப்படிச் செய்கிறார்கள். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள நீங்கள் சம்மதம் கொடுத்துவிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

இப்போது வீட்டில் இருப்பவர்களுக்கு. "உனக்கு என்ன குறை?" என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இந்த ஊரில் அதற்குப் பெரிய பதில் ஒன்று இருக்கிறது. ரவீந்திரநாத் தாகூருக்கு 1913இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷமே அவர் கொடிய மனச்சோர்வில் விழுந்தார். சாக வேண்டும் என்ற எண்ணம் தன்னைத் துரத்துவதைத் தன் மகன் ரதீந்திரநாத்துக்குக் கடிதத்தில் எழுதினார். உலகமே கொண்டாடிய மனிதருக்கு என்ன குறை இருந்தது? "குலதெய்வம் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வா", "ஊருக்குப் போய் ஒரு மாறுதலா இருந்துட்டு வா" என்பதெல்லாம் அன்பில் சொல்வதுதான். போகட்டும், மாத்திரையும் பெட்டியில் இருக்கட்டும். ஆனால் "போயிட்டு வா" என்பதைவிட "நானும் வரேன், ஏரி வரைக்கும் போயிட்டு வந்துடலாம், பேசவே வேண்டாம்" என்பது நூறு மடங்கு உதவி. அவர் வரவில்லை என்றால் கோபிக்காமல் மறுநாளும் கேளுங்கள். கவனித்துக்கொள்பவரும் களைத்துப்போவார். அவருக்கும் வாரத்தில் ஒரு மாலை விடுப்பு வேண்டும், அந்த மாலை வேறு யார் வீட்டில் இருப்பது என்று அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

சாக வேண்டும் போல இருக்கிறது என்று யாராவது சொன்னால், அல்லது சொல்லாமலே உங்களுக்குச் சந்தேகம் வந்தால், நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறாரே என்ற ஆறுதல்தான் வரும். தனியாக விடாதீர்கள், மாத்திரை டப்பாக்களை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தெற்கே இருப்பவர்களுக்கு டி.எல்.கான் சாலையில் அரசின் மனநல மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவருக்குப் பால்கனியும் நடையும் அப்புறம், முதலில் பாதுகாப்பு. அதேபோல், இடையிடையே தூக்கமே தேவைப்படாமல், கட்டுக்கடங்காத உற்சாகத்தில் பணத்தை வாரி இறைத்த நாட்கள் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அது வேறு நோய், மருந்தும் வேறு.

தேறியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருமுறை மனச்சோர்வு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வர வாய்ப்பு உண்டு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முன்கூட்டியே அடையாளம் தெரிந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். நன்றாக இருக்கும் காலத்திலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: போன முறை முதலில் எது நின்றது? அந்த மாமி எழுதியது, "கோலம் நிற்கும். அப்புறம் போனை எடுக்க மாட்டேன். அப்புறம்தான் தூக்கம் போகும்." இந்த வரிசை ஒவ்வொருவருக்கும் வேறு. இதற்குக் கீழே, இரண்டு நாள் கோலம் நின்றால் யாருக்குப் போன் செய்வது, மருத்துவரின் எண் என்ன, என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்பதையும் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறார். பெங்களூருப் பிள்ளையிடமும் இரண்டாம் மாடிப் பெண்மணியிடமும் ஒரு நகல் இருக்கிறது.

வாசல் பக்கம் மேஜையில் நாள் குறிப்புத் தாள்கள் வைத்திருக்கிறேன். நேரம், காரியம், நினைத்தது, ஆனது என்று நான்கு கட்டங்கள். ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் வங்காளியில் அச்சடித்திருக்கிறோம், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கொடுக்கலாம். யாருக்காக என்று சொல்லாமலே எடுத்துக்கொள்ளலாம். கேள்விகளைக் கையைத் தூக்கிக் கேட்க விருப்பமில்லாதவர்கள் துண்டுச் சீட்டில் எழுதி அந்தப் பெட்டியில் போடுங்கள், பெயர் வேண்டாம். எட்டு மணி வரை நான் இங்கேதான் இருப்பேன்.